ஷைனி கேட்காமல் விட்ட கேள்வி

திண்டுக்கல் பழனி ரோட்டில் பக்ருதீன் நடத்தும் மருந்துக்கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் ஷைனிக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பேர் வைத்திருந்தார்கள். தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடு என்று வந்து நின்றால் போதும். எத்தனை நாளாக வலி, ரத்தக்கொதிப்பு உண்டா, வயிற்றுப்புண் உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் அட்டையில் கத்தரியை வைப்பாள். சிலர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். சிலர், "மாத்திரை கேட்டா ஜாதகம் கேக்குதே இந்தப் பொண்ணு" என்று முனகுவார்கள். ஷைனி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது நாகல் நகர். டிப்ளமா பார்மசி முடித்து, இரண்டு கடைகளில் நின்று, பக்ருதீனிடம் வந்து சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கணவன் பிராங்கிளின் வேடசந்தூர் பக்கத்து நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறான். ஆறாம் வகுப்பில் ஒரு மகள். டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் ஷைனியை மிஞ்ச ஆளில்லை. பக்ருதீனே தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தா, நீ பாரு" என்று சீட்டை அவளிடம்தான் தள்ளுவார்.

அந்தச் சித்திரையில் எதிர்வரிசையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய மருந்துக்கடை ஒன்று திறந்தது. உள்ளே ஏசி, உட்கார நாற்காலி, வாசலில் பலூன். ஒரே வாரத்தில் பக்ருதீன் முகம் வாடிவிட்டது. ஒருநாள் காலையில் கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஷைனி, கூட்டமா இருக்குறப்ப கேள்வியைக் கொஞ்சம் கொறைச்சுக்கம்மா. நீ கேக்குறது நல்லதுக்குத்தான், எனக்குத் தெரியாதா? ஆனா பின்னால நிக்கிறவங்க எதுத்த கடைக்குப் போயிர்றாங்க."

அவர் கடிந்து பேசுகிறவர் இல்லை. அதனாலேயே அந்த வார்த்தை ஷைனிக்குச் சுருக்கென்று தைத்தது. "சரி பாய்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் ஆள் நிற்க இடமில்லை. ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல். முண்டியடித்துக்கொண்டு ஒரு அம்மாள் முன்னால் வந்து சீட்டை நீட்டினாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அக்குளில் ஒரு மஞ்சள் துணிப்பை. கையில் மண்வேலை செய்த காய்ப்பு.

"எங்க வீட்டுக்காரருக்கு தாயி. முட்டி வீங்கி நடக்கமாட்டாமக் கெடக்காரு."

ஷைனி சீட்டைப் பார்த்தாள். எலும்பு டாக்டர் எழுதியது. நல்லுசாமி, வயது அறுபத்தொன்று, ரெட்டியார்சத்திரம். வீக்கமும் வலியும் குறைவதற்கான மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஐந்து நாளைக்கு. வயிறு கெடாமலிருக்க வெறும் வயிற்றில் ஒன்று, அதுவும் ஐந்து நாளைக்கு.

வேறென்ன மாத்திரை சாப்பிடுறாரு என்ற கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பின்னால் நின்ற ஒருவர் வண்டிச் சாவியால் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டினார். கல்லாவிலிருந்து பக்ருதீன் நிமிர்ந்து பார்த்தார். ஷைனி கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

"இது சாப்பிட்ட பொறவு, காலையில மட்டும் ஒண்ணு. இது சாப்பாட்டுக்கு முன்னாடி. அஞ்சு நாளைக்குத்தான்" என்று சொல்லி உறையில் போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஷைனி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, மேஜைமேல் அந்த மஞ்சள் துணிப்பை இருந்தது.

"ஒரு அம்மா மறந்து வச்சிட்டுப் போயிருச்சு" என்றார் பக்ருதீன். "செவ்வாக்கெழம முட்டிவலிக்கு வாங்குனாங்கள்ல, அவங்கதான். மாத்திரை ரொம்ப நல்லாக் கேக்குதாம். தீந்துபோச்சு, இன்னும் பத்து குடுன்னுச்சு. குடுத்துட்டேன்."

"தீந்துபோச்சா?" ஷைனி விரலை மடக்கினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. "நாளைக்குக் காலையிலதானே பாய் அஞ்சாவது மாத்திரை?"

"அதெல்லாம் நான் எண்ணலம்மா. வயிறு எரியுதுன்னு சொன்னாராம், அதுக்கும் ஒரு சிரப்பு குடுத்திருக்கேன்."

மாத்திரை முன்கூட்டித் தீர்ந்திருக்கிறது என்றால் ஒன்றுக்கு இரண்டாக விழுங்குகிறார். வயிறு எரிகிறது என்றால் உள்ளே புண்படத் தொடங்கிவிட்டது. விலாசம் ஏதாவது இருக்கிறதா என்று பையைத் திறந்தாள். வெற்றிலைச் சுருள், பேருந்துச் சீட்டு, ஒரு சீப்பு. அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நீளநோட்டு.

மதுரை இருதய ஆஸ்பத்திரி ஒன்றின் நோட்டு அது. பதினொரு வருஷத்துக்கு முன் நல்லுசாமியின் இருதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டிவிடாமலிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை. ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாது என்று சிவப்பு மையில் அடிக்கோடு. பக்கம் பக்கமாக, மாதாமாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் அளவுகள், விதவிதமான பேனாக்களில்.

செவ்வாய்க்கிழமையும் இதே பைதான் அந்த அம்மாளின் அக்குளில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே எடுத்துக் காட்டியிருப்பாள்.

"பாய்..." என்று நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "இவரு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரு. இவருக்குப் போயி நாம வலி மாத்திரை குடுத்திருக்கோம்."

பக்ருதீனுக்கும் அது விளங்காமல் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கடை நடத்துகிறவர். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோட்டின் முதல் பக்கத்தில் வேலாயிபட்டி என்று ஊர்ப்பெயரும் ஒரு செல் நம்பரும் இருந்தன. ஷைனி அடித்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. மறுபடியும் அடித்தாள். அதே பதில். எலும்பு டாக்டரின் கிளினிக்குக்கு அடித்தாள். டாக்டர் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இல்லை என்று சொன்ன கம்பவுண்டர், விஷயத்தைக் கேட்டதும் பதறினார்.

"இருதய ஆபரேஷன்னு அவங்க சொல்லவேயில்லையேம்மா. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு டாக்டர் கேட்டாரு, இல்லைன்னாங்க. உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க அவரை."

"ஊரு பேரு மட்டும்தான் சார் தெரியுது, போன் போக மாட்டேங்குது" என்று போனை வைத்தாள் ஷைனி. நோட்டைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, மேல்கோட்டைக் கழற்றினாள்.

"எங்க கெளம்புற?"

"வேலாயிபட்டிக்கு."

"ஷைனி, நில்லு. நீ போயி என்ன பண்ணப்போற? ஏற்கெனவே ஏதாவது ஆயிருந்தா... நீதானே குடுத்தேன்னு ஊரே கூடி உன்னைப் புடிச்சுக்குவாங்க. போலீஸு, கேஸுன்னு போனா உன் லைசென்ஸு என்னாகும்?"

"குடுத்தது நாந்தானே பாய்."

அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து பக்ருதீனின் குரல் வந்தது. "நீ வர்ற வரைக்கும் மாத்திரை எதையும் நான் தொடல. சோப்பு, பவுடர் மட்டும்தான் விப்பேன். போனைக் கையில வச்சுக்க."

ஒட்டன்சத்திரம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி நகர எல்லையைத் தாண்டுவதற்குள் பால்குட ஊர்வலம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. மேளமும் மஞ்சள் சேலைகளுமாக ரோடு முழுக்க ஜனம். ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பேருந்துக்குள் அனல் தகித்தது. ஷைனி நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

அவள் படித்த பாடமெல்லாம் வரிவரியாக மனசில் ஓடியது. வலிமாத்திரை வீக்கத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அதே மாத்திரை இரைப்பையின் உட்புறத்தைக் காப்பாற்றும் பூச்சையும் அரித்துவிடும். புண் விழும். சாதாரண ஆளுக்கு அந்தப் புண்ணில் கசியும் ரத்தம் தானாகவே கட்டி நின்றுவிடும். இவருக்கு நிற்காது. நிற்கக்கூடாது என்றுதானே இன்னொரு மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். கசிந்துகொண்டே இருக்கும், வலிகூட அவ்வளவாகத் தெரியாது. வலியைத்தான் மாத்திரை மறைத்துவிடுகிறதே.

'ஆண்டவரே, நான் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த மனுஷன் அடுத்த மாத்திரையை எடுக்கக்கூடாது' என்று வேண்டிக்கொண்டாள். பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பியது.

ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி, முதலில் கண்ணில்பட்ட உரக்கடையில் விசாரித்தாள். வேலாயிபட்டி உள்ளே மூன்று கிலோமீட்டர். மினி பஸ் நாலரை மணிக்குத்தான். அங்கே மாட்டுத் தீவன மூட்டையை மொபெட்டில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், ஷைனி முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரைப் பாக்கணும்?" என்றாள்.

"நல்லுசாமின்னு. அறுபது வயசு இருக்கும்."

"நல்லுசாமி ரெண்டு பேரு இருக்காங்களே. எந்த நல்லுசாமி?"

"நெஞ்சுல ஆபரேஷன் பண்ணுனவரு."

"சம்முகவள்ளி சித்தி வீட்டுக்காரரா? அவரு எங்க தெருதான். என்னா விசயம்?"

ஷைனி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் தீவன மூட்டையைக் கடைவாசலிலேயே இறக்கிப் போட்டாள். "ஏறுங்க" என்றாள். அவள் பெயர் கௌசல்யா. வேலாயிபட்டிப் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவள்.

வீடு பூட்டிக் கிடந்தது. சண்முகவள்ளி டவுனிலிருந்து இன்னும் வரவில்லை போலும். "அப்ப அவரு தோட்டத்துலதான் இருப்பாரு. தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சுற முறை இன்னிக்கு" என்று கௌசல்யா வண்டியைத் திருப்பினாள். முருங்கைத் தோப்புக்குள் வண்டித்தடம் குண்டும் குழியுமாகப் போனது. ஒரு இடத்துக்கு மேல் மொபெட் போகவில்லை. இருவரும் இறங்கி வரப்பில் ஓடினார்கள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் பாத்தியெல்லாம் நிறைந்து தடத்தில் வழிந்தது. மண்வெட்டி சேற்றில் கிடந்தது. மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் நல்லுசாமி. கண் திறந்துதான் இருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது.

"சித்தப்பா!" என்றாள் கௌசல்யா.

"வா புள்ள." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மோட்டாரை அமத்து. எந்திரிக்க நெனைக்கேன், தலை கிர்ருங்குது. யாரு இந்தப் பாப்பா?"

"திண்டுக்கல்லு மருந்துக்கடையில இருந்து வாரேங்கய்யா." ஷைனி சேற்றிலேயே மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது. நாடி விரலுக்கடியில் படபடவென்று அடித்தது. முழங்கையிலும் புஜத்திலும் ஊதா நிறத்தில் கன்றிப்போன திட்டுகள். "ஐயா, அந்த முட்டி மாத்திரையை ஒருநாளைக்கு எத்தனை போட்டீங்க?"

"காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு. நல்ல மாத்திரை தாயி. மூணு மாசமா குத்தவைக்க முடியாதவன், ரெண்டு நாள்ல வரப்பு வெட்டிட்டேன்னா பாரேன்."

"வெளிக்குப் போனது எப்படி இருந்துச்சு?"

நல்லுசாமி கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கௌசல்யா, "சொல்லுங்க சித்தப்பா" என்று அதட்டினாள்.

"கருப்பா. தாரு மாதிரி. நேத்துலருந்து. சூடுன்னு நெனைச்சு மோரு குடிச்சேன்."

ஷைனி 108-க்கு அடித்தாள். வண்டி ஒட்டன்சத்திரம் பக்கம் போயிருக்கிறது, வர அரைமணி நேரமாகும், தோட்டத்துக்குள் வராது, ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நல்லுசாமி, "எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம், செத்த நேரம் படுத்தா சரியாப்போகும்" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்தார். எழுந்தவர் அப்படியே முன்பக்கமாகச் சரிந்தார். இரண்டு பெண்களும் தாங்கியதால் தலை கல்லில் மோதாமல் தப்பியது. அவர் நெற்றி ஷைனியின் தோளில் விழுந்து கிடந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

கௌசல்யா வரப்பில் நின்று சத்தம் போட்டாள். பக்கத்துக் காட்டில் கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். கத்திரிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டு, குட்டியானைச் சரக்கு வண்டியில் கட்டிலோடு ஏற்றினார்கள். மெயின்ரோட்டை நோக்கி வண்டி திரும்பும் இடத்தில், மினி பஸ்ஸிலிருந்து இறங்கிக் கையில் மாத்திரை உறையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள் சண்முகவள்ளி.

கட்டிலையும் அதில் கிடந்தவரையும் பார்த்ததும் அவள் போட்ட கூச்சல் ஷைனியின் எலும்பு வரைக்கும் இறங்கியது. வண்டியில் ஏறி விழுந்து கணவன் முகத்தைத் தடவினாள். அப்புறம்தான் ஷைனியை அடையாளம் கண்டாள்.

"நீ... நீ மாத்திரை குடுத்த புள்ளைதானே? நீ எப்படி இங்க?"

"அம்மா, அந்த மாத்திரை ஐயாவுக்கு ஆகாது. அவரு இருதயத்துக்குச் சாப்பிடுற மாத்திரையோட அது சேரவே கூடாது. உள்ளுக்குள்ள ரத்தம் போயிருக்கு."

"நீதானே குடுத்த?" சண்முகவள்ளி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் கையாலதானே குடுத்த? சாப்பிட்ட பொறவு போடுன்னு சொன்னியே. ஆகாதுன்னு ஏண்டி சொல்லல?"

வண்டியிலிருந்தவர்கள் எல்லாரும் ஷைனியைப் பார்த்தார்கள். சீட்டு எழுதியது டாக்டர் என்று சொல்லலாம். நீங்களே சொல்லியிருக்கலாமே என்று திருப்பலாம். இரண்டு வேளை போடச் சொன்னது யார் என்று கேட்கலாம். மூன்றும் வாய்வரைக்கும் வந்தன.

"ஆமாம்மா, நாந்தான் குடுத்தேன்" என்றாள். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாருன்னு கேட்டிருக்கணும். கூட்டமா இருந்துச்சுன்னு கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

சண்முகவள்ளியின் கை தளர்ந்தது. அடுத்த நொடி கையிலிருந்த உறையைத் தூக்கி ரோட்டோரம் வீசினாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிரித்து, உள்ளேயிருந்த வார்ஃபரின் அட்டையையும் எடுத்தாள். "எந்த எழவு மாத்திரையும் வேண்டாம் இனிமே எங்களுக்கு."

ஷைனி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேண்டாம்மா, அதை வீசாதீங்க. அதை நிறுத்தினா வால்வுல ரத்தம் கட்டிக்கும். நிறுத்துறதா, குறைக்கிறதான்னு ஆஸ்பத்திரி டாக்டருங்கதான் சொல்லணும். நாம யாரும் முடிவு பண்ணக் கூடாது."

ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டிருந்தது. சண்முகவள்ளி அட்டையைத் திரும்பச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஏறு என்று யாரும் ஷைனியைச் சொல்லவில்லை. அவளாக ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் நல்லுசாமியின் காலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். ஒரு தடவை அவர் கண்விழித்து, "மோட்டாரை அமத்திட்டீகளா?" என்று கேட்டார்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் ஷைனியிடம் தயாராக இருந்தது. மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக, நாளைக்கு எத்தனை தடவை, வால்வு வைத்த வருஷம், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அளவு. நோட்டைக் கொடுத்தாள். நோட்டைப் புரட்டிய டாக்டர், "இது மட்டும் இல்லைன்னா ஒரு மணி நேரம் தேடியிருப்போம்" என்றார். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு, மூன்றை ஒட்டி நிற்க வேண்டியது, ஏழைத் தாண்டியிருந்தது. ரத்தச்சத்து பாதியாக இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புண் தெரிந்தது, கசிந்துகொண்டிருந்தது. கசிவும் நிற்க வேண்டும், வால்வும் அடைத்துவிடக் கூடாது. மதுரை டாக்டரோடு போனில் பேசிப் பேசி மருந்தை ஏற்றி இறக்கினார்கள். "கயித்து மேல நடக்குற வேலைம்மா இது" என்று நர்ஸ் சொன்னாள். ஷைனி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சண்முகவள்ளிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். சண்முகவள்ளி அவளோடு பேசவில்லை. மத்தியானம் பிராங்கிளின் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை ஷைனி நீட்டியபோது மறுக்கவும் இல்லை. பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை ஷைனி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை கடைக்கு ஒருவன் வந்தான். நல்லுசாமியின் மகன் பழனிக்குமார், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கண் சிவந்திருந்தது.

"யாரு இங்க ஷைனி? எங்கப்பாவைக் கொல்லப் பாத்தீங்களா?"

கடையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். ஷைனி மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவன் முன்னால் நின்றாள். அவள் வாயைத் திறக்குமுன் பக்ருதீன் எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, இந்தப் பொண்ணு எல்லாருகிட்டயும் கேக்கும். கேக்காதேன்னு சொன்னவன் நான். வியாபாரம் போயிருமேன்னு பயந்து சொன்னேன். அதுவும் போதாதுன்னு சனிக்கெழம பத்து மாத்திரையை ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக் குடுத்ததும் நாந்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. புகார் எழுதிக் குடுக்கணும்னாலும் என் பேரை எழுதிக் குடுங்க."

பழனிக்குமார் கையை ஓங்கினான். ஓங்கிய கையால் தன் முகத்தையே மூடிக்கொண்டான். கடையிலிருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். ஷைனி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "அப்பா கண்ணு முழிச்சு கஞ்சி கேட்டாரு" என்றான். "அம்மாதான் உங்களை ஒண்ணும் சொல்லாதேன்னுச்சு. எனக்குத்தான் தாங்கல."

அன்று சாயங்காலம் ஷைனி தான் வாய்மூடி இருந்த அந்தப் பத்து நாளில் வந்த மருந்துச்சீட்டு நகல்களை எடுத்துவைத்துக்கொண்டாள். மூட்டுவலி, இடுப்புவலி என்று மாத்திரை வாங்கிப்போனவர்கள் நல்லுசாமியைத் தவிரப் பதினான்கு பேர். ஒவ்வொருவராகத் தேடிப் பேசினாள். பதின்மூன்று பேருக்குக் குழப்பமில்லை. ஒருத்திக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுது. அவளுக்கும் இந்த மாத்திரை ஆகாது. அவள் இரண்டே மாத்திரை சாப்பிட்டிருந்தாள். மறுநாளே டாக்டரிடம் போய்ப் பார்க்க வைத்தாள் ஷைனி.

நல்லுசாமி பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார். பக்ருதீன் கடையில் கேள்விகள் பழையபடி ஆரம்பித்தன. அதே வாரத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் சலித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். பக்ருதீன் அவர்கள் போவதைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அடுத்த சீட்டை ஷைனி பக்கம் தள்ளினார்.

ஐப்பசியில் ஒருநாள், மழை தூறிக்கொண்டிருந்த முற்பகலில், கம்பு ஊன்றிக்கொண்டு நல்லுசாமியே கடைப்படி ஏறி வந்தார். ஷைனிக்குக் கண் நிறைந்தது. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மேஜைமேல் குனிந்தார்.

"பாப்பா, அந்த மாத்திரை ஒண்ணே ஒண்ணு குடு."

"எந்த மாத்திரை?"

"அதான், அன்னிக்குக் குடுத்தது. நாளைக்கு நத்தத்துல மச்சினன் மகளுக்குக் கல்யாணம். முட்டி மடக்க முடியல. ஒண்ணுல என்ன ஆயிரப்போகுது? சம்முகவள்ளிக்குத் தெரிய வேண்டாம்."

ஷைனிக்கு ஆத்திரமாக வந்தது. சேற்றில் தன் தோளில் சாய்ந்து கிடந்த அந்தச் சாம்பல் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. "முடியாதுங்கய்யா" என்றாள்.

"எதுத்த கடையில கேட்டா குடுப்பான்."

"போயிக் கேளுங்க. நானும் பின்னாலேயே வந்து உங்க நோட்டைப் பத்திச் சொல்லுவேன்."

நல்லுசாமி அவளை முறைத்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. வலி பொய்யில்லை என்பது அவர் கம்பைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஷைனி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். மதுரை ஆஸ்பத்திரிக்கு அடித்து, அவருடைய நோட்டு நம்பரைச் சொல்லி, டாக்டர் லைனுக்கு வரும்வரை காதில் போனை வைத்தபடியே நின்றாள். இருபது நிமிஷம் ஆனது. பாரசிட்டமால் போடலாம், ஒருநாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது, மூன்று நாளைக்கு மேல் வேண்டாம், அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை பண்ணிவிட வேண்டும், முட்டிக்கு வெந்நீர் ஒத்தடமும் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் விடக்கூடாது என்றார் டாக்டர். ஷைனி எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள்.

"இது காய்ச்சல் மாத்திரைல்ல?" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் நல்லுசாமி. "இதுக்கா நான் பஸ்ஸேறி வந்தேன்?"

"இதுக்குத்தான்."

அவர் தாளை மடித்து உறையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது ஷைனி கையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு படியாகக் கம்பை வைத்து இறங்கி, மழையிலேயே பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தார்.